கடலோர ஊரில் எங்கே சாப்பிடுவது: முதல்முறை வருபவருக்கு ஒரு வழிகாட்டி

கடலோரச் சுற்றுலா ஊர் ஒன்றில் முதல்முறையாக வந்திறங்குபவர் பெரும்பாலும் அறையில் பையை வைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராகக் கடற்கரைச் சாலைக்குத்தான் போகிறார். அலை தெரியும்படி மேசை போட்ட உணவகங்கள் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒருவர் நின்று உள்ளே அழைப்பார். பசியோடு நடப்பவர் மூன்று வாசல்களைத் தாண்டுவார், நான்காவதில் உட்கார்ந்துவிடுவார். அன்று சாப்பிட்டதை ஒரு வாரம் கழித்து நினைத்துப் பார்த்தால் அலைச் சத்தம் நினைவுக்கு வரும். மீன் எப்படி இருந்தது என்பது வராது.

காட்சியும் நல்ல சாப்பாடும் ஒரே இடத்தில் அமைவது அரிது. கடலைப் பார்த்த கட்டடத்துக்கு வாடகை அதிகம் என்பது ஒரு காரணம்; அந்த வாடகையைத் தட்டிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், அங்கே உட்காருபவர் நாளை மறுநாள் ஊரில் இருக்கமாட்டார் என்பது சமைப்பவருக்கும் தெரியும், பரிமாறுபவருக்கும் தெரியும். ஆகவே எந்த ஊரானாலும் உணவகத்தை எடைபோட நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறேன்: இன்று சாப்பிடுபவர் மறுபடி வருவார் என்று இந்தச் சமையலறை எதிர்பார்க்கிறதா? கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்தான்.

கிளம்புவதற்கு முன்

பயண நாளை முடிவு செய்யும்போதே கடலின் நிலையைப் பார்த்துவிடுவது நல்லது. புயலோ பலத்த காற்றோ அடித்து ஓய்ந்த இரண்டு மூன்று நாள்களில் படகுகள் கரையிலேயே நிற்கும்; அப்போது உணவகத்தில் கிடைக்கும் மீன் அதற்கு முன்பே பிடித்து வைத்ததாகவோ, வேறு ஊரிலிருந்து வந்ததாகவோ, உறைய வைத்ததாகவோதான் இருக்க முடியும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை விதிக்கும் நாடுகளும் பல உண்டு. அந்த வாரங்களில் சிறு படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனுக்குப் போட்டி அதிகம், விலையும் அதிகம். விளக்கு வைத்துக் கூட்டமீன்களை ஈர்த்துப் பிடிக்கும் பகுதிகளில் முழுநிலவை ஒட்டிய இரவுகளில் நிலா வெளிச்சத்தால் விளக்கின் பலன் குறைந்து, பிடிபடும் மீனும் குறைந்துவிடும். இவற்றால் பயணத்தை மாற்ற வேண்டியதில்லை. எந்த நாளில் மீனைக் கேட்க வேண்டும், எந்த நாளில் வேறு எதையாவது கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

இணையத்தில் வரும் மதிப்புரைகளை நான் ஒதுக்குவதில்லை, ஆனால் எண்ணைப் பார்ப்பதில்லை. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சூரிய அஸ்தமனத்துக்குக் கொடுத்திருப்பார்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் அன்றைய கோபத்துக்குக் கொடுத்திருப்பார்கள். மூன்று நட்சத்திரக்காரர்கள்தான் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். அவர்கள் எழுதியதிலும், நீங்கள் போகும் அதே பருவத்தில் எழுதப்பட்டதை மட்டும் படியுங்கள். கடலோர ஊர்களில் கூட்டம் வரும் மாதங்களுக்கு என்று தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள். கூட்டமில்லாத மாதத்தில் உரிமையாளரே நின்று சமைத்துப் பாராட்டு வாங்கிய கடை, கூட்டம் அலைமோதும் வாரத்தில் முற்றிலும் வேறு கடையாக இருக்கும். வாடிக்கையாளர்கள் எடுத்துப் போட்ட படங்களில் தட்டைவிடப் பில்லின் படம் பயனுள்ளது. எதை எடைக்கு விற்கிறார்கள், எந்தக் கட்டணத்தைத் தனியாகச் சேர்க்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

முதல் மாலை: கடலுக்கு முதுகைக் காட்டி நடங்கள்

வந்த அன்றே ஊரின் சிறந்த உணவகத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தை விட்டுவிடுங்கள். முதல் மாலைக்கான வேலை, வயிற்றை எளிமையாக நிரப்பிக்கொண்டு ஊரைப் பார்ப்பது மட்டுமே. கடற்கரைச் சாலையிலிருந்து உள்நோக்கி மூன்று நான்கு தெருக்கள் நடந்தால் சுற்றுலாவுக்கான ஊர் முடிந்து, குடியிருப்பவர்களின் ஊர் தொடங்கும். நினைவுப்பொருள் கடைகள் குறைந்து, மருந்துக் கடை, தையற்கடை, பள்ளிக்கூடம், வண்டி பழுதுபார்க்கும் இடம் என்று வரத் தொடங்கும். அந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை உடையோடு தனியாக வந்து, பட்டியலைக் கேட்காமலேயே உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் சாப்பிட்டுப் போகிறவர்கள் இருந்தால், அவர்கள் நேற்றும் வந்தவர்கள். நாளையும் வரப்போகிறவர்கள்.

யாரிடம் விசாரிப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. விடுதி வரவேற்பறையில் கேட்டால், அவர்களுக்குத் தரகு கொடுக்கும் உணவகத்தின் பெயர் வந்தாலும் வரலாம். விடுதியில் அறை சுத்தம் செய்பவர், வாடகை வண்டி ஓட்டுபவர், படகுக்கு எண்ணெய் விற்கும் கடைக்காரர் ஆகியோரிடம் கேட்பது மேல். கேட்கும் விதமும் முக்கியம். ‘இங்கே நல்ல உணவகம் எது?’ என்றால், வெளியூர்க்காரருக்கு எது பிடிக்கும் என்று அவர் யூகித்து, ஊரிலேயே விலை உயர்ந்த இடத்தைச் சொல்லுவார். ‘நேற்று மதியம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?’ என்றால் உண்மை வந்துவிடும்.

விடியலில் மீன் இறங்கும் இடம்

இரண்டாம் நாள் ஒரே ஒருமுறை சீக்கிரம் எழுந்துவிடுங்கள். ஊரில் மீன் இறங்கும் இடம் எங்கே, எத்தனை மணிக்குப் படகு வரும் என்று முந்தைய மாலையே கேட்டு வைத்திருங்கள். பெரும்பாலான ஊர்களில் விடியலை ஒட்டிய நேரமாக இருக்கும். சில இடங்களில் பிற்பகலில் ஒருமுறை இறங்கும். அங்கே அரை மணி நேரம் ஓரமாக நின்று பார்ப்பது, பத்து மதிப்புரைகளைப் படிப்பதைவிடப் பயன் தரும். நடைபாதையை மறிக்காமல், ஏலக்காரருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் போய் நின்று படம் எடுக்காமல் இருந்தால் யாரும் உங்களைப் பொருட்படுத்தமாட்டார்கள்.

முதலில், என்ன மீன் இறங்குகிறது என்று பாருங்கள். அன்று மதியம் உணவகத்தில் எதைக் கேட்கலாம் என்பதற்கு அதுதான் பட்டியல். துறையில் ஒன்றுகூட இறங்காத மீன் எல்லா உணவகப் பலகைகளிலும் ‘இன்று பிடித்தது’ என்று எழுதப்பட்டிருந்தால், அது வேறெங்கோ இருந்து பெட்டியில் வந்த மீன். அடுத்ததாக, யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். பெரிய வியாபாரிகள் பெட்டி பெட்டியாக எடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கையில், இரண்டு கூடையோடு வந்து ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி, பாதியை ஒதுக்கிவிட்டு எடுப்பவர் ஒருவர் இருப்பார். அவர் பெரும்பாலும் சிறு உணவகம் நடத்துபவராக இருப்பார். எந்தக் கடை என்று கேட்டுவிடுங்கள். நான் தங்கிய ஊர்களில் நன்றாகச் சாப்பிட்ட நாள்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியால் கிடைத்தவைதான்.

அவர் எதைப் பார்த்து ஒதுக்குகிறார் என்பதைக் கவனித்தால் நீங்களும் கற்றுக்கொள்ளலாம். புதிய மீனின் கண் வெளியே புடைத்துப் பளபளவென்று இருக்கும். நாள் ஆக ஆக அது உள்வாங்கி, பாலாடை படிந்ததுபோல் மங்கும். செவுளைத் தூக்கினால் உள்ளே ஈரத்தோடு சிவந்திருக்க வேண்டும். பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் பழையது. விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்பிவிட வேண்டும், குழி நிற்கக் கூடாது. புதிய மீனில் கடல் வாசனைதான் வரும். நாம் ‘மீன் நாற்றம்’ என்று சொல்வது, மீன் இறந்த பிறகு அதன் சதையில் உள்ள ஒரு பொருளைப் பாக்டீரியாக்கள் சிதைப்பதால் உண்டாகும் வாடை. கணவாய் புதிதாக இருந்தால் கண்ணாடிபோல் வெளுத்திருக்கும், பழசானால் இளஞ்சிவப்பு ஏறும். இறாலின் தலை உடலோடு கெட்டியாக ஒட்டியிருக்க வேண்டும். நண்டைக் கையில் எடுத்தால் அதன் அளவுக்கு மீறிக் கனமாகத் தோன்ற வேண்டும். ஓடு கழற்றி அதிக நாள் ஆகாத நண்டு பெரிதாகத் தெரியும், உடைத்தால் உள்ளே தண்ணீர்தான் இருக்கும்.

பனிக்கட்டியைப் பற்றி ஒரு சொல். ஐஸ் போட்ட மீன் பழைய மீன் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில், பிடித்தவுடனே ஐஸில் புதைத்து இரண்டு நாள் கழித்து வந்த மீன், காலையில் பிடித்து வெயிலில் ஐந்து மணி நேரம் கிடந்த மீனைவிட எவ்வளவோ மேல். மீன் கெடும் வேகத்தை முடிவு செய்வது வெப்பநிலைதான்.

வாசலில் நின்று எடைபோடுவது

மூன்று நான்கு பெயர்கள் கையில் சேர்ந்த பிறகு, அவற்றின் வாசலில் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். பட்டியல் எவ்வளவு நீளம் என்பது முதல் அடையாளம். எட்டுப் பத்து உணவுகள் மட்டும் இருந்து, அதிலும் இரண்டை அழித்துவிட்டு ‘தீர்ந்துவிட்டது’ என்று எழுதியிருந்தால் நம்பிக்கை வரும். வந்த மீனைச் சமைத்து முடித்துவிட்டார்கள் என்று பொருள். நூறு உணவுகள், ஐந்து நாட்டுச் சமையல், ஒவ்வொன்றுக்கும் வெயிலில் வெளுத்துப்போன வண்ணப்படம் என்றால், உள்ளே உறைபெட்டி பெரிதாக இருக்கிறது என்று பொருள். வாசலில் ஆள் நிறுத்தி அழைப்பதைப் பற்றி முன்பெல்லாம் கடுமையாக நினைத்தேன். புதிதாகத் தொடங்கிய நல்ல கடைகளும் வேறு வழியின்றி அதைச் செய்கின்றன என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் பட்டியலைக் கையில் திணித்து, விலையைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் நகர்ந்துவிடுங்கள்.

மீனைக் காட்சிக்கு வைத்திருக்கும் கடைகளில் அந்தப் பெட்டியை நன்றாகப் பாருங்கள். மீன் ஐஸின் மேல் படுத்திருக்கிறதா, ஐஸ் உருகிய தண்ணீரில் மிதக்கிறதா? மாலை ஏழு மணிக்குப் பார்த்த அதே பெரிய மீன் மறுநாள் மாலையும் அதே இடத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தால், அது விற்பதற்கல்ல, ஆள் சேர்ப்பதற்காக வைத்தது. அரசு ஆய்வின் முடிவை வாசலிலேயே ஒட்ட வேண்டும் என்ற முறை சில நாடுகளில் இருக்கிறது. டென்மார்க்கில் 2001 முதல் சிரித்த முகம், வாடிய முகம் என்று படமாகவே கொடுக்கிறார்கள். நியூயார்க் நகரில் 2010 முதல் எழுத்தாகத் தரம் போடுகிறார்கள். அந்த வசதி இருக்கும் ஊரில் அதைப் பாருங்கள். இல்லாத ஊரில் கழிவறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள். கை கழுவும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் இல்லையென்றால், சமைப்பவரும் கை கழுவாமல்தான் இருக்கிறார்.

மேசையில் கேட்க வேண்டியவை

புதியவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடலோர உணவகங்களில் பல உணவுகளுக்கு விலைக்குப் பதிலாக ‘அன்றைய விலை’ என்றோ ‘எடைக்கேற்ப’ என்றோ போட்டிருக்கும். இதில் தவறில்லை, மீன் விலை அன்றாடம் மாறுவது இயல்பு. ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குள் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: விலை 100 கிராமுக்கா, ஒரு கிலோவுக்கா? எடை முழு மீனுக்கா, சுத்தம் செய்த பிறகா? சமைக்கும் கூலி அதில் சேர்ந்ததா, தனியா? வரி, பரிமாறும் கட்டணம் எல்லாம் எவ்வளவு? முழு மீனில் தலை, முள், குடல் போக ஏறக்குறைய பாதிதான் வாய்க்கு வரும் என்பதை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

நான் இந்தப் பாடத்தைக் கற்ற விதம் பெருமைக்குரியது அல்ல. ஒரு கடலோர ஊரில், பெயரைச் சொல்லத் தேவையில்லாத ஓர் உணவகத்தில், பரிமாறுபவர் தாம்பாளத்தில் மூன்று மீன்களைக் கொண்டுவந்து காட்டினார். நடுவில் இருந்ததைக் கை காட்டினேன். ‘நல்ல தேர்வு’ என்று சொல்லிவிட்டு எடுத்துப்போனார். எடை போடவில்லை, நானும் கேட்கவில்லை. நண்பர்கள் முன்னால் விலை கேட்பது அற்பமாகத் தோன்றியது. பில் வந்தபோது அந்த மீனின் எடை, நால்வர் சேர்ந்து சாப்பிட்டும் மிச்சம் இருந்திருக்க வேண்டிய எடையாக இருந்தது. வாதாடிப் பார்த்தேன், ஆனால் சாட்சி வயிற்றுக்குள் போய்விட்டது. அன்று முதல், மீனைத் தேர்ந்தெடுத்தவுடன் என் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லி, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைத் தாளில் எழுதித் தரச் சொல்கிறேன். நேர்மையான கடைக்காரர் இதைத் தவறாக எடுத்துக்கொண்டதே இல்லை. பாதிப் பேர் கேட்பதற்கு முன்பே எழுதிவிடுகிறார்கள்.

மீனின் பெயரிலும் ஏமாற்று நடக்கும். ஓசியானா என்ற அமைப்பு 2010 முதல் 2012 வரை அமெரிக்காவின் கடைகளிலும் உணவகங்களிலும் வாங்கிய 1,215 மாதிரிகளை மரபணுச் சோதனை செய்து, மூன்றில் ஒரு பங்கு வேறு பெயரில் விற்கப்பட்டதாக 2013இல் அறிவித்தது. தோலுரித்து, துண்டு போட்டு, மசாலாவோ சாஸோ பூசிய மீனை எவராலும் கண்ணால் அடையாளம் காண முடியாது. விலை உயர்ந்த மீனைக் கேட்டால் முழு மீனாகவோ, தோலோடு கூடிய துண்டாகவோ கேளுங்கள். துண்டாக மட்டும்தான் கிடைக்கும் என்றால் விலை குறைந்த மீனையே கேட்டுவிடுங்கள். மலிவான மீனுக்குப் பதிலாக யாரும் விலை உயர்ந்ததை வைக்கப்போவதில்லை.

‘எது நன்றாக இருக்கும்?’ என்று கேட்காமல், ‘இன்று காலையில் வந்தது எது?’ என்று கேளுங்கள். அதற்குச் சட்டென்று ஒரு மீனின் பெயர் வர வேண்டும். ‘எல்லாமே புதுசுதான்’ என்ற பதில் வந்தால், அன்று காய்கறியோ முட்டையோ சாப்பிடலாம். சமைக்கும் முறையையும் மீனை வைத்தே முடிவு செய்யுங்கள். புதிய மீனுக்கு உப்பும் நெருப்பும் போதும். காரமும் கனமான குழம்பும் சுவைக்காகவும் சேர்க்கப்படும், வாடையை மறைக்கவும் சேர்க்கப்படும். முதல்முறை போகும் கடையில் எளிமையாகச் சுட்டதையோ வேகவைத்ததையோ கேட்டால் மறைக்க இடமிருக்காது.

துறையில் நாமே மீன் வாங்கிக்கொண்டு போனால், கூலி மட்டும் பெற்றுச் சமைத்துத் தரும் கடைகள் பல கடலோர ஊர்களில் உண்டு. நான்கைந்து பேர் சேர்ந்து போகும்போது இதைவிடச் சிறந்த வழி கிடையாது. வாங்குவதற்கு முன்பே சமையல்காரரிடம் கூலியைப் பேசி முடித்துவிடுங்கள்; சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் மீனை உள்ளே கொடுத்த பிறகு சமையலறை தெரியும் இடத்தில் உட்காருங்கள். சந்தேகப்பட்டு அல்ல, வேடிக்கை பார்க்க.

எதில் எச்சரிக்கை வேண்டும்

நன்றாக வேகவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. கடல் உணவில் அது முழு உண்மை அல்ல. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களைப் பிடித்தவுடன் குளிர்விக்காமல் விட்டால், பாக்டீரியாக்கள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். அது உருவான பிறகு வேகவைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் போகாது. அப்படிப்பட்ட மீனைச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். பலர் இதை ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். காரம் போடாத மீன் நாக்கில் மிளகுபோல் சுரீரென்று பட்டால், மரியாதை பார்க்காமல் தட்டை ஒதுக்கிவிடுங்கள்.

பவளப்பாறைகள் உள்ள வெப்பக் கடல் ஊர்களில் இன்னொரு நஞ்சு உண்டு. அங்குள்ள நுண்ணுயிர் ஒன்று உண்டாக்கும் சிகுவடாக்சின், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி, சீலா, பெரிய களவா போன்றவற்றில் சேர்ந்துவிடுகிறது. இதற்கு மணமில்லை, சுவையில்லை; இதுவும் வேகவைத்தால் அழியாது. குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவதுபோல் தோன்றுவது இதன் விசித்திரமான அறிகுறி. 1774இல், இன்று வனுவாட்டு என்று அழைக்கப்படும் தீவுகளில், ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் கப்பல்காரர்கள் மீன் சாப்பிட்டு நோயுற்றதைப் பிற்கால மருத்துவர்கள் இந்த நஞ்சோடுதான் பொருத்திப் பார்க்கிறார்கள். இத்தகைய ஊரில் எந்தப் பகுதியில் பிடித்த மீனை உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவதில்லை என்று கேட்டு, அதை அப்படியே பின்பற்றுங்கள். பாறை மீன்களில் பெரியதைவிடச் சிறியது பாதுகாப்பானது.

சிப்பியும் மட்டியும் தண்ணீரை வடிகட்டி உண்பவை. வளர்ந்த சிப்பி ஒன்று ஏற்ற சூழலில் ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேல் வடிகட்டக்கூடியது. அந்தத் தண்ணீரில் இருப்பதெல்லாம் அதன் உடலில் தங்கும். ஆகவே எந்த நீரில் வளர்ந்தது என்று சொல்ல முடியாத சிப்பியைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் எந்தச் சிப்பியையும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் பெருகும் விப்ரியோ வகைக் கிருமி ஒன்று அவர்களுக்கு உயிராபத்தாக முடியலாம். வேகவைத்த பிறகும் வாய் திறக்காத மட்டியை நெம்பித் திறக்க முயலாமல் ஓரமாக வைத்துவிடுங்கள். கடல்நீர் நிறம் மாறியதால் சிப்பி எடுக்கத் தடை என்று ஊரில் அறிவிப்பு இருந்தால், சமைத்த சிப்பியும் வேண்டாம். நிறத்தை மாற்றும் நுண்பாசிகளின் நஞ்சு சிப்பியில் சேர்ந்திருக்கும்; அதுவும் வெப்பத்துக்கு அழிவதில்லை.

பச்சை மீன் விஷயத்தில் ஒரு முரண் இருக்கிறது. ‘உறைய வைக்காத, இன்று பிடித்த மீன்’ என்பது சமைத்துச் சாப்பிட நல்லது. பச்சையாகச் சாப்பிட அவ்வளவு நல்லதல்ல. ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்ல, மீனை -20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைய வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல்களில் ஒன்று. பச்சை மீன் பரிமாறும் கடையில் இதைக் கேட்டால் தெளிவான பதில் வர வேண்டும்.

பரப்பி வைத்த உணவிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளும் விருந்துகளில், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதையும், சமைத்ததை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் நினைவில் வையுங்கள். திறந்தவுடன் போய்ச் சாப்பிடுங்கள். கடைசி அரை மணி நேரத்தில் போகாதீர்கள். தெருவோரக் கடைகளுக்கும் இதே கணக்குத்தான்: கண் முன்னால் பொரித்து, ஆவி பறக்கக் கொடுத்து, கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

இறாலும் நண்டும் ஒவ்வாதவர்கள், தாங்கள் கேட்ட உணவில் இறால் இல்லை என்பதோடு நின்றுவிடக் கூடாது. அதே எண்ணெயில் இறால் பொரித்தார்களா என்று கேட்க வேண்டும். சைவ உணவு உண்பவர்களும் இதையே கேட்க வேண்டும், கூடவே சூப்பிலும் குழம்பிலும் மீன் சாறு சேர்க்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிர்ப்பது நல்லது, அவற்றில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் அந்தக் கவலை குறைவு.

கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட ஆசை இருந்தால்

அந்த ஆசை நியாயமானதுதான். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். அலையோரக் கடைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போகாமல், காலைச் சிற்றுண்டிக்கோ மாலைத் தேநீருக்கோ போங்கள். பணமும் குறைவு, ஏமாற்றமும் குறைவு. அஸ்தமனம் பார்க்க வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். பகலில் கடலிலிருந்து வீசும் காற்று நண்பகல் கடந்த பிறகு வலுக்கும்; அலைக்கு மிக அருகில் இருக்கும் மேசையில் அப்போது உட்கார்ந்தால் தட்டில் மணல் விழும், சூடான உணவு இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். சுவரோ தட்டியோ காற்றை மறைக்கும் மேசையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது காற்று தணியும் வரை பொறுங்கள். பறவைகள் கூடும் கடற்கரையென்றால் தட்டை மேசையில் விட்டுவிட்டுப் படம் எடுக்க எழுந்து போகாதீர்கள்.

பில்லும் இரண்டாம் வருகையும்

பில் வந்ததும் வரி வரியாகப் படியுங்கள். கேட்காமலே மேசைக்கு வந்த ரொட்டி, அப்பளம், தண்ணீர் பாட்டில் ஆகியவை அதில் ஏறியிருக்கலாம். தவறு இருந்தால் குரலை உயர்த்தாமல், ஆரம்பத்தில் எழுதி வாங்கிய தாளை எடுத்து அருகில் வையுங்கள். பில்லின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருங்கள்; இரவில் உடல்நலம் கெட்டு மருத்துவரிடம் போக நேர்ந்தால், என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம் என்பதை அதுவே சொல்லிவிடும்.

ஒரு கடை பிடித்துப்போய்விட்டால் மறுநாள் வேறொன்றைத் தேடி அலையாமல் அங்கேயே திரும்பிப் போங்கள். இரண்டாவது முறை உள்ளே நுழையும்போது பரிமாறுபவரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். பட்டியலை நீட்டமாட்டார். ‘இன்றைக்குக் கணவாய் வேண்டாம், காலையில் கொஞ்சம் நெத்திலி வந்தது, அதைச் செய்யச் சொல்லட்டுமா?’ என்பார். சரி என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.